சீக்கிரம் விழித்த சுண்டெலிகள்: மருந்து தெளிப்பவரின் ஈரலுக்குள் நடப்பது என்ன?

"இருபது வருஷமாக மருந்து அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும் விவசாயிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. தெளித்த அன்று வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, கண் இருட்டவில்லை என்றால் உடம்பு அந்த மருந்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நோய்க்குறி எதுவும் தோன்றாத அளவிலேயே கல்லீரல் அந்த மருந்தை அடையாளம் கண்டு, தன் வேலைமுறையை மாற்றிக்கொள்கிறது. இது சோதனைச் சாலைச் சுண்டெலிகளிலும் எலிகளிலும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த மாற்றம் சில சமயம் உடம்பைக் காக்கிறது. சில சமயம் உடம்புக்கே வினையாகிறது. எப்போது எது என்பதை ஓரளவாவது தெரிந்துவைத்திருப்பது, மருந்து டப்பாவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

மரச்சீவலில் படுத்த சுண்டெலிகள்

சுண்டெலிக்குத் தூக்க மருந்து ஊசி போட்டு, மல்லாக்கக் கிடத்தி, அது தானாகப் புரண்டு எழும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிப்பது ஒரு பழைய சோதனை. ஹெக்ஸோபார்பிட்டால் என்ற மருந்தை இதற்குப் பயன்படுத்துவார்கள். அந்த மருந்தை ஈரல் எவ்வளவு வேகமாக உடைக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் சுண்டெலி எழுந்துவிடும். ஆகவே தூங்கும் நேரமே ஈரலின் வேகத்துக்கு அளவுகோல்.

1960-களின் நடுவில் இந்தச் சோதனையில் ஒரு விசித்திரம் தென்பட்டது. செந்நிற சிடார் மரச் சீவலைக் கூண்டில் பரப்பி, அதன்மேல் வளர்த்த சுண்டெலிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக எழுந்துவிட்டன. சீவலை அப்புறப்படுத்திச் சில நாட்கள் விட்டால் பழையபடி தூங்கின. 1967-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எல்லியட் வெசல் இதைத் துருவிப் பார்த்தார். சிடார், பைன் போன்ற மணமுள்ள மென்மரங்களின் சீவலில் வாழ்ந்த சுண்டெலிகளிலும் எலிகளிலும், மருந்தை உடைக்கும் ஈரல் நொதிகள் கூடியிருந்தன. பீச், பிர்ச், மேப்பிள் ஆகிய வன்மரங்களின் சீவலில் வாழ்ந்தவற்றில் அப்படி இல்லை. அந்தச் சுண்டெலிகளுக்கு யாரும் எந்த மருந்தும் புகட்டவில்லை. படுக்கையிலிருந்து வந்த மணமும் தூளுமே போதுமானதாக இருந்தன.

நம் விவசாயிகளுக்கு இதைவிட நெருக்கமான செய்தி 1963-ல் வந்தது. ஹார்ட், ஷல்டிஸ், ஃபவுட்ஸ் என்ற மூவர், எலிக் கூண்டுகளுக்குக் குளோர்டேன் தெளித்தால் என்ன ஆகிறது என்று எழுதினார்கள். குளோர்டேன் என்பது கரையானுக்கு வைக்கப்பட்டுவந்த பழைய குளோரின் வகை மருந்து. இப்போது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தெளிப்புக்குப் பிறகு எலிகள் எந்த நோயும் காட்டவில்லை. தீனி தின்றன, ஓடியாடின. ஆனால் தூக்க மருந்து கொடுத்தபோது முன்போல் நெடுநேரம் தூங்கவில்லை. ஈரல் சுறுசுறுப்பாகிவிட்டிருந்தது. மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் கூண்டு அறைக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வருவதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம். எலி இருக்கும் அறைக்கு அவ்வளவு கவனம். மருந்துப் பெட்டி இருக்கும் அறையிலேயே பாய் விரித்துப் படுக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை!

எண்ணெய்யை வெளியேற்றும் வேலை

ஈரல் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மருந்து டப்பாவையே எடுத்துக்கொள்ளலாம். இ.சி. என்று குறிக்கப்பட்ட மருந்தைத் தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கிறது. பூச்சிமருந்து பெரும்பாலும் எண்ணெய்க் குணம் உடையது. தண்ணீரோடு கலக்காது. அதனால்தான் குழம்பாக்கும் பொருளைச் சேர்த்து விற்கிறார்கள். எண்ணெய்க் குணம் உள்ள பொருள் தோல் வழியாகச் சுலபமாக உள்ளே போய்விடும். உள்ளே போனதும் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் என்பது தண்ணீர். தண்ணீரில் கரையாததைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஈரலின் பொறுப்பு. அது பொருளின்மேல் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்துகிறது. பிறகு அந்த இடத்தில் நீரில் கரையும் வேறொரு துண்டை ஒட்டுகிறது. இப்போது அது தண்ணீரில் கரையும். சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறும். முதல் வேலையைச் செய்யும் நொதிகளுக்கு சைட்டோகுரோம் பி-450 என்று பெயர். ஒரே நொதி அல்ல, ஒரு பெரிய குடும்பம். மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் 57 மரபணுக்கள் உள்ளன. சுண்டெலிக்கு நூற்றுக்கும் மேல். கண்டதையும் கொறித்து வாழும் பிராணிக்கு அத்தனை தேவைப்படுகிறது போலும்.

இந்த நொதிகள் எந்நேரமும் முழு அளவில் ஈரலில் தயாராக இருப்பதில்லை. அறுப்புக்கு ஆள் விடுவதைப்போலத்தான் இதுவும். வேலை வரும்போது ஆளைக் கூட்டுகிறது, வேலை குறைந்தால் குறைக்கிறது. ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தைச் சுண்டெலிக்கு மூன்று நான்கு நாள் கொடுத்தால் ஈரலே பெருத்துவிடுகிறது. செல்லுக்குள் இந்த நொதிகள் உட்காரும் சவ்வுகள் பெருகுவது நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிகிறது. மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் மெல்லப் பழைய நிலைக்கு வரும். டி.டி.டி. போன்ற குளோரின் வகை மருந்துகள் கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால், அவற்றின் விளைவு நெடுநாள் நீடிக்கும்.

மூலப் பதிவேடும் நகலும்

ஆளைக் கூட்டும்படி உத்தரவு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு செல்லின் நடுவிலும் உட்கரு இருக்கிறது. அதில்தான் மரபணுக்கள் உள்ளன. பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூலப் பதிவேட்டை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கேட்டால் நகல்தான் கிடைக்கும். அதேபோல் மரபணு உட்கருவை விட்டு வெளியே வராது. அதன் நகல் வெளியே வருகிறது. அந்த நகலைப் பார்த்து நொதி தயாராகிறது. நகல் எத்தனை எடுக்கப்படுகிறதோ அதற்கேற்ப நொதியும் கூடுகிறது, குறைகிறது. நகல் எடுப்பதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டு ஃபீனோபார்பிட்டாலைக் கொடுத்தால், பிராணியின் ஈரலில் நொதி கூடுவதில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் இரசாயனம் மரபணுவை மாற்றுவதில்லை; அதிலிருந்து நகல் எடுக்கும் வேகத்தையே மாற்றுகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது.

நகல் எடுக்கச் சொல்லும் மனுவைக் கொண்டுபோவது யார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. செல்லுக்குள் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சில வகை இரசாயனங்கள் பொருந்தும். முதலில் அகப்பட்டது புகைக்கரிப் பொருள்களையும் டையாக்சினையும் பிடிக்கும் ஏற்பி. சி57 என்ற கறுப்புச் சுண்டெலி இனம் இந்தப் பொருள்களுக்கு நொதியைப் பலமடங்கு கூட்டியது, டி.பி.ஏ. என்ற இனமோ அசைந்து கொடுக்கவில்லை. ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே அளவு. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று தேடிப்போய், 1976-ல் ஆலன் போலண்டும் உடன் பணியாற்றியவர்களும் கறுப்புச் சுண்டெலியின் ஈரலில் அந்த ஏற்பியைக் கண்டார்கள். பீடி, சிகரெட் புகைப்பவர் காப்பியின் சாரத்தை மற்றவர்களைவிட வேகமாக உடைத்துவிடுவது இதே ஏற்பியின் வேலையால்தான். ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் மருந்தும் புகைப்பவர் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

ஃபீனோபார்பிட்டாலுக்கும் பல குளோரின் வகை மருந்துகளுக்கும் பதில் சொல்வது கார் எனப்படும் இன்னோர் ஏற்பி. மருந்து வராத நேரத்தில் அது உட்கருவுக்கு வெளியே சும்மா இருக்கும். மருந்து வந்ததும் உள்ளே நுழைந்து, நொதி மரபணுக்களின் முகப்பில் உட்கார்ந்துகொள்ளும். 2000-ஆம் ஆண்டில் இந்த ஏற்பி இல்லாதபடி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஃபீனோபார்பிட்டால் கொடுத்துப் பார்த்தார்கள். ஈரல் பெருக்கவில்லை. நொதியும் கூடவில்லை. மனு கொண்டுபோக ஆள் இல்லை. அலுவலகம் சும்மா இருந்துவிட்டது.

காப்பதும் கெடுப்பதும்

ஈரல் ஆளைக் கூட்டிக்கொண்டால் நல்லதுதானே, விஷம் சீக்கிரம் உடையுமே என்று தோன்றலாம். பாதி உண்மை. 1954-லேயே, குளோர்டேன் போன்ற குளோரின் மருந்துகளை முதலில் பெற்ற எலிகள் பாரத்தியானின் நஞ்சைக் கூடுதலாகத் தாங்கின என்று கண்டார்கள். பழைய விவசாயிகள் பாலிடால் என்று அறிந்த, பிறகு தடை செய்யப்பட்ட, அதே பாரத்தியான்தான். கூடியிருந்த நொதிகள் அதை உடைக்க உதவின.

இதைக் கேட்டு, மருந்துக்கு மருந்து மாற்று என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பாரத்தியான் உள்ளே போகும்போது அத்தனை கொடியது அல்ல. ஈரல் நொதி அதிலுள்ள கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கும்போதுதான் அது பாராக்சான் என்னும் கடும் நஞ்சாக மாறி, நரம்புகளை இயக்கும் நொதியை முடக்குகிறது. உடைத்து அப்புறப்படுத்தும் அதே குடும்பமே நஞ்சைத் தீட்டியும் விடுகிறது. கூலிக்கு வந்த ஆட்கள் களையையும் வெட்டுகிறார்கள், பயிரையும் வெட்டுகிறார்கள். எது எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும். முன்கூட்டிச் சொல்ல யாராலும் ஆகாது.

பயிரை வெட்டும் கதைக்கு மிகத் தெளிவான உதாரணம் எல்லார் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரை. அளவோடு சாப்பிட்டால் பெரும்பகுதி தொந்தரவின்றி வெளியேறிவிடும். சிறு பகுதியை மட்டும் பி-450 நொதிகள் ஒரு நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. அதைக் குளுட்டத்தையோன் என்ற காவல் பொருள் உடனே பிடித்துக்கொள்ளும். காவல் பொருள் தீர்ந்துபோனால் ஈரல் செல்களே வேகின்றன. 1973-ல் மிட்சல், ஜாலோ, கில்லெட், பிராடி ஆகியோர் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். ஃபீனோபார்பிட்டாலால் நொதியைக் கூட்டிய சுண்டெலிகளுக்கு ஈரல் சேதம் அதிகம். பிப்பரோனைல் பியூட்டாக்சைடு கொடுத்து நொதியை அடக்கிய சுண்டெலிகளுக்குச் சேதம் குறைவு. 2002-ல், மேலே சொன்ன கார் ஏற்பி இல்லாத சுண்டெலிகள் பாராசிட்டமாலைத் தாங்கிக்கொண்டன என்று தெரிந்தது. அதாவது நொதியைக் கூட்டும் திறமை இல்லாத சுண்டெலி பிழைத்தது. திறமை உள்ளது மாட்டிக்கொண்டது.

பிப்பரோனைல் பியூட்டாக்சைடு என்ற பெயரைக் கொசு ஒழிப்பு மருந்துக் குப்பிகளின் சீட்டில் சிலர் பார்த்திருக்கலாம். பைரித்ரம் வகை மருந்தோடு அதைச் சேர்ப்பதற்குக் காரணம், பூச்சியின் உடம்பிலும் இதே பி-450 குடும்பம் இருப்பதுதான். அதை அடக்கினால் பூச்சி மருந்தை உடைக்க முடியாது. பருத்தியின் பச்சைக் காய்ப்புழு பைரித்ராய்டு மருந்துக்கு மசியாமல் போனதற்குப் பல காரணங்களில் ஒன்று, அதன் உடம்பில் இந்த நொதிகள் மிகுந்திருப்பது. விவசாயியின் ஈரலும் அவர் கொல்ல நினைக்கும் புழுவின் குடலும் ஒரே கருவியைத்தான் வைத்திருக்கின்றன.

மது இதே பாராசிட்டமாலைத் தீட்டும் நொதி ஒன்றை ஈரலில் கூட்டிவிடுகிறது. இரண்டு-ஈ-ஒன்று என்று எண் இடப்பட்ட இந்த நொதியைப் பெரும்பாலும் நகலை மிகுதியாக எடுத்து அது கூட்டுவதில்லை. ஏற்கெனவே உள்ளது சிதையாமல் காப்பதன் மூலம் கூட்டுகிறது. இந்த நொதி இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் பாராசிட்டமாலை அதிக அளவில் தாங்குவது 1996-ல் காட்டப்பட்டது. தினமும் குடிப்பவருக்குக் காவல் பொருளும் குறைவு; பட்டினி கிடந்தால் இன்னும் குறைவு. காலையில் வெறும் வயிற்றில் தெளிப்பு, மாலையில் தலைவலி என்று இரண்டு மாத்திரை, இரவில் உடம்பு அலுப்புக்கு மது, மறுநாள் மீண்டும் மாத்திரை என்ற பழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த ஒவ்வொன்றும் ஈரலில் வந்து சேரும் இடம் ஒன்றே.

கலந்து அடிப்பதில் உள்ள வில்லங்கம்

நொதியைக் கூட்டும் மருந்துகள் இருப்பதைப்போல, முடக்கும் மருந்துகளும் உண்டு. மாலத்தியானை மனித ஈரலும் கால்நடைகளின் ஈரலும் சுலபமாக உடைத்துவிடும் என்பதால்தான் அது ஓரளவு சாதுவான மருந்து என்று பெயர் பெற்றது. உடைப்பது கார்பாக்சில் எஸ்டரேஸ் என்ற வேறு நொதி. 1957-ல் நாய்களுக்கும் எலிகளுக்கும் மாலத்தியானை ஈ.பி.என். என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டின் நஞ்சையும் கூட்டினால் வருவதைவிடப் பலமடங்கு கடுமை தெரிந்தது. ஈ.பி.என். அந்த நொதியை முடக்கியதால், மாலத்தியான் உடையாமல் தங்கிவிட்டது.

1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் தெளித்த பணியாளர்களில் சுமார் 2,800 பேருக்கு நஞ்சு ஏறியது. 5 பேர் இறந்தார்கள். அங்கே வேறு மருந்து கலக்கப்படவில்லை. மாலத்தியான் தூளிலேயே ஐசோ மாலத்தியான் என்ற மாறுபட்ட பொருள் உண்டாகியிருந்தது. அது இந்தக் காவல் நொதியை முடக்கக் கூடியது. வெப்பத்தில் வைத்திருந்தால் அது மிகும். இந்த நிகழ்ச்சியை மருந்து வணிகர்களும் விவசாயிகளும் ஒருசேர நினைவில் வைக்க வேண்டும். போன வருஷம் மிஞ்சிய மருந்தைத் தகரக் கொட்டகையில் வெயில் தாக்க வைத்திருந்து, இந்த வருஷம் எடுத்து, புதிய மருந்தோடு தொட்டியில் கலக்கி, "கூட்டு மருந்து நன்றாகக் கேட்கும்" என்று அடிப்பது மிகத் தவறு. சிபாரிசில் இல்லாத கலவையை எந்தச் சோதனைச் சாலையும் எந்தச் சுண்டெலியிலும் பார்த்ததில்லை. முதலில் பார்ப்பவர் தெளிப்பவர்தான்.

சுண்டெலி வேறு, எலி வேறு, மனிதர் வேறு

சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தலாமா என்று படித்த விவசாயிகள் கேட்பது நியாயமே. பொருத்தக் கூடாத இடங்கள் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மனித ஈரலின் நொதிகளை வெகுவாகக் கூட்டுகிறது. அதனால்தான் ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அதே மருந்தைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. காரணம், பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியின் உருவம் சுண்டெலிக்கும் மனிதருக்கும் சற்று வேறு. 2000-ல் ரொனால்ட் எவன்சின் ஆய்வுக்கூடத்தில் மனிதரின் அந்த ஏற்பியைச் சுண்டெலி ஈரலில் வைத்தபோது, அந்தச் சுண்டெலி மனிதரைப்போல ரிஃபாம்பிசினுக்கு நொதியைக் கூட்டியது.

நிலக்கடலை விவசாயிகளுக்கு இன்னோர் உதாரணம். பூஞ்சாணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின், எலிக்கு ஈரல் புற்றுநோயைக் கொடுக்கும். சுண்டெலியோ அதை வெகுவாகத் தாங்கும். அஃப்ளாடாக்சினும் ஈரல் நொதியால் தீட்டப்பட்ட பிறகே நஞ்சாகிறது. சுண்டெலியின் ஈரலில் அந்த நஞ்சைக் குளுட்டத்தையோனோடு ஒட்டி வெளியேற்றும் ஒரு வலுவான நொதி பிறவியிலேயே இருக்கிறது. எலிக்கு எத்தாக்சிகுயின் என்ற தீவனப் பதப்பொருளைக் கொடுத்தால் அதன் ஈரலும் அவ்வகை நொதியைக் கூட்டிக்கொண்டு, புற்றுநோயிலிருந்து தப்புகிறது. மனிதருக்குச் சுண்டெலியின் அந்தப் பிறவிக் காவல் இல்லை. கடலையைக் காயவைத்துச் சொத்தையைப் பொறுக்குவது தவிர வேறு வழி இல்லை.

மாறாக, மனிதரிலும் அப்படியே ஒத்துவந்த செய்தியும் இருக்கிறது. 1969-ல் சுவீடனில், லிண்டேன், டி.டி.டி. ஆகியவற்றோடு தொழில் செய்தவர்களுக்கு ஆன்டிபைரின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பில் அது மற்றவர்களைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனது. அவர்கள் நோயாளிகள் அல்லர், வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்கள். குளோர்டேன் தெளித்த கூண்டில் சீக்கிரம் விழித்த எலிகளின் கதைதான் இது. லிண்டேன் இப்போது நம் நாட்டில் தடைக்கு உட்பட்டது, டி.டி.டி.க்கு 1989 முதல் விவசாயத்தில் அனுமதி இல்லை.

இரத்தச் சோதனைச் சீட்டைப் படிக்கும்போது

"ஈரல் நொதி கூடியிருக்கிறது" என்று இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சொன்னால், அது இதுவரை சொல்லப்பட்ட நொதி அல்ல. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று சீட்டில் இருப்பவை, ஈரல் செல் சேதமாகும்போது இரத்தத்தில் கசியும் நொதிகள். எஸ்.ஜி.ஓ.டி. தசை போன்ற மற்ற இடங்களிலிருந்தும் கசியும். குடம் உடைந்ததைத் தரையில் உள்ள ஈரத்தைக் கொண்டு அறிவதைப்போல அது. பி-450 நொதிகள் கூடினால் அவை செல்லுக்குள்ளேயே இருக்கும். வழக்கமான சோதனையில் தெரியாது. ஆகவே எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறது என்பதால் ஈரலில் மாற்றமே இல்லை என்று பொருள் இல்லை. பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தின் பாதிப்பை அறிய இரத்தத்தில் கோலின் எஸ்டரேஸ் அளவைப் பார்ப்பார்கள். தொடர்ந்து தெளிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பருவம் தொடங்கும் முன்பே அதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு குறைந்ததா என்று ஒப்பிட வசதியாக இருக்கும்.

தெளிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

மருந்து உடம்புக்குள் போகும் பெருவழி மூக்கல்ல, தோல். ஒழுகும் தெளிப்பான் முதுகை நனைத்தால் உடனே வேலையை நிறுத்தி, சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய்யால் துடைக்கக் கூடாது. எண்ணெய்க் குணம் உள்ள மருந்தை அது தோலுக்குள் இன்னும் சுலபமாக இழுத்துச் செல்லும். ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குவதையும், மற்ற துணிகளோடு அந்தச் சட்டையைத் துவைக்கப் போடுவதையும் விட்டுவிட வேண்டும்.

தெளித்த அன்று வரும் தலைவலிக்கு மாத்திரை போட்டு அடக்குவதற்கு முன், வாயில் நீர் ஊறுகிறதா, வியர்வை மிகுதியா, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கிறதா, தசை துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது சாதாரணத் தலைவலி அல்ல; மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். பாராசிட்டமாலை வளர்ந்தவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டுக்கு மேல், எக்காரணம் கொண்டும் சாப்பிடக் கூடாது. தினமும் குடிப்பவர்களும் சரியாகச் சாப்பிடாதவர்களும் மருத்துவர் சொல்லும் இன்னும் குறைந்த அளவோடு நிறுத்த வேண்டும். பல சளி மாத்திரைகளிலும் உடம்புவலி மாத்திரைகளிலும் இதே மருந்து இருப்பதால், இரண்டு வகையைச் சேர்த்துச் சாப்பிட்டால் கணக்குத் தப்பிவிடும். தவறி அளவு மிஞ்சினால் அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது நன்றாகப் பலன் தரும். முதல் நாளில் நோயாளி நன்றாக இருப்பதைப்போலத் தோன்றுவதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது டப்பாவையோ அதன் மேல்சீட்டையோ கையோடு கொண்டுபோக வேண்டும். கடைப் பெயரையும் மூடியின் நிறத்தையும் சொல்வதால் பயன் இல்லை. சீட்டில் சிறிய எழுத்தில் உள்ள வேதிப் பெயரே மருத்துவருக்குத் தேவை. காசநோய்க்கோ, வலிப்புக்கோ, இரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர் தெளிப்பு வேலைக்குப் போகிறார் என்றால், அதை அவரே முன்வந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்க மறந்துவிடலாம். எந்தெந்தத் தேதியில் எந்த மருந்து அடித்தார், எதோடு கலந்தார் என்பதைச் சாகுபடிச் செலவுக் கணக்கு எழுதும் அதே நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாகக் குறித்துவைத்தால், நெருக்கடி நேரத்தில் அந்தப் பக்கத்தை வீட்டில் இருப்பவர்கள் யாராவது எடுத்து மருத்துவரிடம் காட்ட முடியும்.